ராகு காலத்தில் ஒளிந்த கதவு

திருச்சி லூர்து நகர் மூன்றாம் தெருவின் அறுபத்து நான்கு வீட்டுக் கதவுகளும் தாமாகத் திறந்து தாமாக மூட ஆரம்பித்தது ஒரு பங்குனி மாதத் திங்கட்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிஷத்துக்கு. முதல் எண் வீட்டில் தொடங்கி, ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் சரியாக இருபது விநாடி இடைவெளி விட்டு, தாழ்ப்பாள் போட்டிருந்தாலும் போடாவிட்டாலும், பூட்டுத் தொங்கினாலும் சங்கிலி மாட்டியிருந்தாலும், கதவு ஒருக்களித்துத் திறந்து, மூன்று மூச்சு விடும் நேரம் அப்படியே நின்று, பிறகு விருந்தாளி கிளம்பிப் போனதும் வீட்டுக்காரி சாத்துவதுபோல மெதுவாகச் சாத்திக்கொண்டது. காற்று என்று சிலர் சொன்னார்கள், பூனை என்று சிலர் சொன்னார்கள், கட்டியவன் கீலில் காசு அடித்துவிட்டான் என்று எட்டாம் எண்காரர் சொன்னார். மூன்றாம் நாள் யாரும் எதுவும் சொல்லவில்லை, ஏனென்றால் மூன்றாம் நாளுக்குள் எல்லோரும் தங்கள் வீட்டு நிமிஷத்தைத் தெரிந்துகொண்டு, அந்த நிமிஷத்துக்கு முன்னால் நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொள்ளப் பழகியிருந்தார்கள்.

பதினேழாம் எண் வீட்டு பெர்னதெத்துக்கு மட்டும் வந்து போவது எது என்று முதல் நாளே தெரியும், ஏனென்றால் அப்படி வந்து போகிறவற்றுக்கு நேரம் குறித்துக் கொடுப்பதே அவள் வேலை.

பெர்னதெத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. புருஷன் செத்து ஆறு வருஷம். சாப்பாட்டு மேஜையில் ஒரு பக்கம் அரிசி களைந்த பாத்திரமும் மறுபக்கம் லேப்டாப்பும் வைத்துக்கொண்டு, திருச்சியிலேயே வரதன் என்பவர் நடத்திய டேட்டா கம்பெனிக்கு அவள் செய்த வேலை இதுதான். கம்பெனியில் நாலாயிரத்து முந்நூறு ஸ்க்ரிப்டுகள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு சின்ன வேலைக்காரன். ஒரு வெப்சைட்டுக்குப் போ, வெங்காயம் என்ன விலை என்று பார், எந்த ஊரில் எந்த வீடு வாடகைக்கு என்று பார், யாருக்கு என்ன வேலை காலி என்று பார், பார்த்ததை எழுதிக்கொண்டு வா என்றால் போய் எழுதிக்கொண்டு வரும், வேறு எதையும் தொடாது. நாலாயிரமும் ஒரே நேரத்தில் கிளம்பினால் தேர்த்திருவிழாக் கூட்டம் மாதிரி ஒன்றை ஒன்று மிதித்துக்கொண்டு நிற்கும் என்பதால், எது எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எதற்குப் பின்னால் எது, ஒன்று வழியில் விழுந்தால் யார் மறுபடி அனுப்புவது என்று கால அட்டவணை போடுவது பெர்னதெத்தின் பொறுப்பு. கான்வென்ட்டில் மதர் இமெல்டா ஐந்நூறு பெண்களைச் சத்தமில்லாமல் வரிசையாக மாதா கோவிலுக்குள் விட்டதைப் பன்னிரண்டு வருஷம் பார்த்தவளுக்கு இது பெரிய வித்தையாகத் தெரியவில்லை.

வரதன் மூன்று சட்டம் வைத்திருந்தார். போகிற இடத்துக்கு வலிக்கக்கூடாது. வலிக்கிறது என்று தெரிந்தால் உடனே விலகி, கொஞ்சம் பொறுத்து மறுபடி போக வேண்டும், அப்போதும் வலித்தால் அதைப்போல் இரண்டு மடங்கு பொறுக்க வேண்டும், அப்படியே இரட்டித்துக்கொண்டே போக வேண்டும், ஆனால் விட்டுவிடக் கூடாது. முன்னால் போனது முடித்துவிட்டுத் திரும்பாமல் அதே வரிசையில் அடுத்தது கிளம்பக்கூடாது. மூன்றாவது, எது நின்றாலும் சரி, ராகு காலத்தில் ஒன்றும் ஓடக்கூடாது.

"சார், அமெரிக்காவுல இருக்கிற கம்ப்யூட்டருக்கு நம்ம ராகு காலமா?" என்று ஆரம்பத்தில் பெர்னதெத் கேட்டாள்.

"அனுப்பறவன் இங்க இருக்கேன்லம்மா. எனக்குத்தான் கணக்கு. நீங்க சிலுவை போட்டுட்டு எழுதுங்க, ஆனா எழுதுங்க" என்றார் வரதன்.

எழுதினாள். திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது, செவ்வாய் மூன்றிலிருந்து நாலரை, புதன் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை என்று ஏழு நாளுக்கும் ஏழு ஓட்டை விட்டு அட்டவணை பின்னினாள். அந்த ஒன்றரை மணி நேரத்தில் நாலாயிரத்து முந்நூறும் எங்கேயோ திண்டாடிக்கொண்டு நின்றன.

அவை ஏன் வெப்சைட்டுகளை விட்டுவிட்டு வீடுகளுக்கு வர ஆரம்பித்தன என்று யாருக்கும் தெரியாது, யாரும் ரொம்ப நேரம் கேட்கவும் இல்லை. பெர்னதெத் வரதனுக்குப் போன் போட்டபோது, "ஆமாம்மா, நம்ம வரிசையில அறுபத்து நாலு புதுசா சேர்ந்திருக்கு, நான் போடலை, நீங்களும் போடலை, ஆனா நல்லா வேலை செய்யுது, டேட்டா வாங்கறவர் சந்தோஷமா இருக்கார், இருக்கட்டும்" என்றார். வாங்குகிறவர் யார் என்று அவருக்கும் தெரியாது. நல்ல ஆங்கிலத்தில் கடிதம் வரும், அவ்வளவுதான்.

தினம் காலை ஏழு மணிக்கு இணையத்தில் பட்டியல் வரும். பெயரைப் போட்டுத் தேடினால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வரி: வாசலில் எத்தனை ஜோடிச் செருப்பு, அடுப்பில் என்ன, காலண்டரில் தேதி கிழித்தாயிற்றா, வீட்டுக்குள் இருப்பவர் யார் யார். பெயரை யாரும் அவற்றுக்குச் சொல்லவில்லை. பதினைந்தாம் எண் தில்லைநாயகி, வேலை போன தன் கொழுந்தனை அந்த நிமிஷத்துக்குக் குளியலறைக்குள் தள்ளித் தாழ்போட்டுப் பார்த்தாள். பட்டியலில் அவனுடைய முழுப்பெயரும், பக்கத்தில் குளியலறை என்றும் இருந்தது.

ஒரு மாதத்தில் தெரு இதற்குப் பழகிவிட்டது என்று சொன்னால் போதாது, தெரு இதை ரசிக்க ஆரம்பித்தது. யார் வீட்டில் மூன்று நாளாக அதே புளிக்குழம்பு, யார் வீட்டு வாசலில் புதுச் செருப்பு என்று ஏழு மணிக்குக் காபியோடு படித்தார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் ஜாதகத்தோடு கூடவே ஆறு வாரப் பட்டியலையும் பார்த்துவிட்டு வந்தார்கள். ஆறு பத்துக்கு முன்னால் எழுந்து அடுப்பில் பிரியாணி மாதிரி ஏதாவது ஒன்றை ஏற்றிவைத்து, கதவு சாத்தியதும் இறக்கிவிட்டுப் பழைய சோற்றைச் சாப்பிட்டவர்கள் உண்டு. கருவாடு சமைப்பது நின்றது. எந்த வீட்டிலும் ஆறு மணிக்குச் சண்டை போடுவதில்லை, சண்டையை ஏழுக்கு ஒத்திவைத்தார்கள். எட்டாம் எண் வீட்டு மாடியறையில், மனசு சரியில்லாமல் முப்பது வருஷமாகக் கீழே இறங்காத ஒரு தம்பி இருந்தது தெருவுக்கே பட்டியல் வந்துதான் தெரியும். மூன்று நாள் அவன் பெயர் வந்தது, நாலாம் நாள் வரவில்லை. எங்கே போனான் என்று யாரும் கேட்கவில்லை. பட்டியலில் இல்லாத ஒருவனைப் பற்றி யாரிடம் எப்படிக் கேட்பது.

பட்டியல் பக்கத்துத் தெருக்களுக்கும் பரவியதும், தெருவுக்குத் தெரு ஒரு நிறப் புள்ளி வேறு போட்டார்கள். எல்லா வீட்டு வரியும் நிறைந்திருந்தால் பச்சை. ஒன்று குறைந்தாலும் மஞ்சள். மூன்றாம் தெரு பச்சை, நாலாம் தெரு பச்சை, இரண்டாம் தெருவில் ஒரு வீடு இடித்துக் கிடந்ததால் மஞ்சள். இரண்டாம் தெருக்காரர்களைக் காய்கறிக்கடையில் பார்த்தால் மூன்றாம் தெருப் பெண்கள் பரிதாபமாகச் சிரித்தார்கள்.

மே மாதம் முதல் வாரத்தில், மத்தியானம் இரண்டு மணி வெயிலில், பெர்னதெத்தின் ஒரே மகள் ஜெனோவா தூத்துக்குடியிலிருந்து ஒரு கைப்பையோடு வந்து இறங்கினாள். இடது கையில் மூன்று விரல் மடங்கவில்லை. எப்படி என்று பெர்னதெத் கேட்கவில்லை. கதவிடுக்கு என்று ஜெனோவா தானாகச் சொன்னபோது, எந்தக் கதவு யார் சாத்தியது என்றும் கேட்கவில்லை. மருமகன் எட்வின் சத்தம் போடாத ஆள். கல்யாணத்தன்று எல்லோர் காலையும் தொட்டுக் கும்பிட்டவன். போன தடவை ஜெனோவா ஓடிப்போய்ச் சித்தி வீட்டில் இருந்தபோது, எட்டாம் நாள் பூவும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு போய், நாலு பேர் முன்னால் அழுது, அழைத்துக்கொண்டு வந்து, வீட்டுக்குள் நுழைந்ததும் கதவைச் சாத்தினவன்.

"இந்தத் தடவை கண்டுபிடிச்சா கூட்டிட்டுப் போக மாட்டேன்னு சொல்லியிருக்கார்மா" என்றாள் ஜெனோவா.

"விட்டுருவானாமா?"

"கூட்டிட்டுப் போக மாட்டேன்னுதான் சொன்னார்."

பெர்னதெத் அடுப்பை அணைத்தாள். பழனி மலைத்தொடருக்குள், பஸ் நின்ற பிறகும் ஜீப்பில் போகவேண்டிய ஒரு இடத்தில், கூடப் படித்த கிளாரா கன்னியாஸ்திரியாகி ஒரு மடம் நடத்திக்கொண்டிருந்தாள். அங்கே போன் கம்பம் கிடையாது, அட்டவணையில் அந்த மலையே கிடையாது. கீழே இறங்கும்போது மட்டும் பார்க்கும் போனுக்கு பெர்னதெத் தகவல் அனுப்பினாள். பெரிய மதரின் அனுமதி வரவேண்டும், ஜூன் பாதி ஆகும், அதுவரை பத்திரமாக வைத்திரு என்று பதில் வந்தது.

அதுவரை என்றால் நாற்பது நாள். விடிந்தால் ஆறு பதினைந்தேகாலுக்குக் கதவு திறக்கும். ஏழு மணிக்கு ஜெனோவா என்ற பெயர் பட்டியலில் இருக்கும்.

பதினேழாம் எண்ணை அட்டவணையிலிருந்து எடுத்துவிட முடியாது. எடுத்தால் ஒன்று காணோம் என்று வரதனுக்குச் சிவப்பு எழுத்தில் கடிதம் போகும். அந்தக் கடிதம் போகும்படி செய்தவளும் பெர்னதெத்தான், முட்டாள். அன்று சாயங்காலம் அரைமணி நேரம் லேப்டாப்பையே முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, தன் வீட்டுக் கதவின் நேரத்தைத் திங்கட்கிழமை எட்டு மணிக்கும், செவ்வாய்க்கிழமை மூன்றரைக்கும், புதன்கிழமை பன்னிரண்டரைக்கும், இப்படியே ஏழு நாளும் ராகு காலத்துக்குள் நடுவாந்திரமாகப் பார்த்து மாற்றி வைத்தாள். ராகுவையும் நம்பாத கேதுவையும் நம்பாத, ஞாயிற்றுக்கிழமை பூசை தவறாத ஒருத்தி, ஒளிய இடமில்லாமல் போய் ராகு காலத்துக்குள் மகளை ஒளித்து வைத்தாள்.

பலித்தது. மறுநாள் பதினாறாம் எண் திறந்தது, இருபது விநாடி கழித்துப் பதினேழு திறக்கவில்லை, பதினெட்டு திறந்தது. பட்டியலில் அவள் வீட்டு வரியில் காத்திருப்பு என்று ஒரே ஒரு சொல். ஒரு வாரம் ஜெனோவா உள்ளறையை விட்டு வரவில்லை. இரண்டாம் வாரம் சமையற்கட்டுக்கு வந்து இடது கையால் கரண்டி பிடிக்கப் பார்த்தாள். மூன்றாம் வாரம், தெரியாமல் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துவிட்டு, தானே பயந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பாடித் தொலை. கேக்கறதுக்குத்தான் ஒண்ணும் வரலையே" என்றாள் பெர்னதெத்.

ஆனால் மூன்றாம் தெருவின் புள்ளி மஞ்சளாகிவிட்டது.

தில்லைநாயகி மதில்மேல் கையை ஊன்றிக்கொண்டு முதலில் அக்கறையாகத்தான் கேட்டாள். "ஏன்க்கா, உங்க வீட்டுக் கதவுக்கு மட்டும் என்ன வந்துச்சு? கீல் துருப்பிடிச்சிருக்கா? எண்ணெய் விடுங்களேன்."

"அது என் கதவு. திறக்கும்போது திறக்கும்."

"இல்லக்கா, நாலாம் தெருவுல கேக்கறாங்க. ஏன் உங்க தெரு மஞ்சளாயிருச்சு, யார் வீட்டுல என்னன்னு. எனக்குத்தானே சங்கடம், பக்கத்து வீடு நான்."

"சங்கடமா இருந்தா வீட்டைப் பின்பக்கமா திருப்பிக் கட்டிக்கோ."

தில்லைநாயகி சிரிக்கவில்லை. அடுத்தடுத்த நாட்களில் தெருவே சிரிக்கவில்லை. பெர்னதெத் பால் வாங்கப் போனால் பேச்சு நின்றது. திறக்காத கதவுக்குப் பின்னால் தீராத வியாதி இருக்கிறது என்றார்கள், பூட்டிவைத்த பணம் இருக்கிறது என்றார்கள். தங்கள் வீட்டுச் செருப்பும் குழம்பும் ஊருக்கே தெரியும்போது ஒருத்திக்கு மட்டும் என்ன அப்படி மறைவு என்று கேட்டார்கள். இரண்டு மாதத்துக்கு முன்னால் நைட்டி மேல் துண்டு தேடி ஓடினவர்கள்தான்.

இருபத்தெட்டாம் நாள் எட்வின் போன் செய்தான்.

"அத்தை, நல்லா இருக்கீங்களா. முட்டி வலி எப்படி?"

"இருக்கு."

"உங்க தெருப் பட்டியலைத் தினம் காலையில பார்க்கறேன் அத்தை. பல் தேய்க்கிறதுக்கு முன்னாடி அதைத்தான். அறுபத்து மூணு வீட்டுல என்ன சமையல்னு எனக்கு மனப்பாடம். உங்க வீடு மட்டும் வெறுமையா இருக்கே, அதான் உடம்பு கிடம்பு சரியில்லையோன்னு."

"கீல் துரு" என்றாள் பெர்னதெத்.

"அப்படியா. சரி பண்ணிருவாங்க அத்தை. இந்தக் காலத்துல எல்லாத்தையும் சரி பண்ணிர்றாங்க" என்று சொல்லி, உடம்பைப் பார்த்துக்கச் சொல்லி, மரியாதையாக வைத்தான்.

முப்பத்தெட்டாம் நாள் புதன்கிழமை. ஜெனோவா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். காலை பத்து மணி பத்து நிமிஷத்துக்கு, ராகு காலத்துக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கும்போது, பதினேழாம் எண் வீட்டுக் கதவு திறந்தது. மூன்று மூச்சு நேரம் நின்றது. கீரையை ஆய்ந்துகொண்டிருந்த சமையற்கட்டிலிருந்து எலுமிச்சை ரசமும் பொரித்த அப்பளமும் மணத்தது, அது ஜெனோவா வந்திறங்கிய மறுநாள் வைத்த ரசம். கதவு சாத்தியது. பத்து விநாடி கழித்து மறுபடி திறந்தது. இப்போது அதற்கடுத்த நாள் வைத்த கத்தரிக்காய்க் கொத்சு மணத்தது.

பெர்னதெத் போனை எடுத்தாள்.

"ஆமாம்மா, நான்தான்" என்றார் வரதன். "தில்லைநாயகின்னு ஒரு அம்மா தினம் போன் பண்ணி உயிரை வாங்கறாங்க. பார்த்தா உங்க வீடு முப்பத்தெட்டு நாளா பாக்கி நிக்குது. நேரம் தப்பா விழுந்திருக்கும்மா, எல்லாம் ராகு காலத்துல. நீங்க இப்படிச் செய்ய மாட்டீங்களே. அதான் விட்டுப்போனதை எல்லாம் மொத்தமா ஓட விட்டுட்டேன்."

"நிறுத்துங்க சார்."

"ஆரம்பிச்சா முடிச்சிட்டுத்தான் நிக்கும். நீங்க எழுதினதுதானே. முப்பத்தெட்டும் முடிஞ்சதும் மொத்தமாப் பட்டியல்ல ஏறிரும், கவலையை விடுங்க."

ராகு காலத்தில் நின்ற எதுவும் செத்துப்போவதில்லை, கையில் சீட்டை வைத்துக்கொண்டு வெளியே வரிசையில்தான் நிற்கிறது என்பது பெர்னதெத்துக்கு அப்போதுதான் உறைத்தது. கதவு திறந்தது, சாத்தியது. திறந்தது, சாத்தியது. வீட்டுக்குள் ஒவ்வொரு நாளாக மணந்துகொண்டு போனது: சாம்பார், கஞ்சி, முதல் தடவையாக ஜெனோவா தானே தாளித்துக் கருக்கின கடுகு. பாட்டு முணுமுணுத்த நாள் வந்தபோது அந்தப் பாட்டின் அரை வரி கூடக் கேட்டது. ஜெனோவா கீரைத்தட்டை மடியில் வைத்தபடி எண்ணிக்கொண்டிருந்தாள்.

"இருபத்தாறும்மா."

பெர்னதெத் அம்மிக்குழவியை உருட்டிக்கொண்டு வந்து நிலைப்படியில் வைத்தாள். கதவு அதைத் தீப்பெட்டி மாதிரி ஒதுக்கிவிட்டுச் சாத்தியது. நாற்காலியை வைத்தாள், நாற்காலியின் கால் முறிந்தது.

"முப்பத்து மூணு."

போகிற இடத்துக்கு வலிக்கக்கூடாது என்பது ஞாபகம் வந்தது. குழவிக்கு வலிக்காது, நாற்காலிக்கு வலிக்காது.

முப்பத்தெட்டாவது தடவை கதவு திறந்தபோது, மணி பத்து இருபத்தைந்து, முருங்கைக்கீரையின் பச்சை வாசம் மட்டும் வீசியது. பெர்னதெத் நிலைப்படியில் உட்கார்ந்து வலது காலை நீட்டிக் கதவுக்கும் நிலைக்கும் நடுவில் வைத்தாள். கதவு வந்து கணுக்காலில் முட்டியது, அழுத்தியது, எலும்பு வரைக்கும் அழுத்தியது. கான்வென்ட்டில் பிரம்படிக்குச் சத்தம் போடாதவள் என்று பெயர் வாங்கின பெர்னதெத், வாயைத் திறந்து, தெருக்கோடிக்குக் கேட்கும்படி கத்தினாள்.

கதவு உடனே விலகிக்கொண்டது. மன்னிப்புக் கேட்பதுபோல முழுவதும் திறந்து, சுவரோடு ஒட்டி நின்றது.

ஒரு நிமிஷம் கழித்து மறுபடி வந்தது. கத்தினாள். விலகியது. இரண்டு நிமிஷம் கழித்து வந்தது. பிறகு நாலு, பிறகு எட்டு, பிறகு பதினாறு. அழுத்தம் கூடவும் இல்லை குறையவும் இல்லை, அதே இடம், அதே எலும்பு. முப்பத்தெட்டாவது முடியாததால் ஒரு வரியும் பட்டியலுக்குப் போகவில்லை, முன்னால் போனது திரும்பாததால் மூன்றாம் தெருவின் மற்ற அறுபத்து மூன்றும் அதன் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தன.

ஆரம்பித்ததை முடிக்காமல் நிற்கத் தெரியாத கதவு, ராகு காலம் என்றும் பார்க்காமல் பன்னிரண்டு முப்பத்திரண்டுக்கும் வந்து போன பிறகு பெர்னதெத் கணக்குப் போட்டாள். "இனி ரெண்டு நாப்பதுக்குத்தான். எழுந்திரு. பையை எடு. திண்டுக்கல் பஸ் ஏறு, அங்கிருந்து மலைக்கு."

"அனுமதி வரலையேம்மா."

"கிளாராகிட்ட நான் சொன்னேன்னு சொல்லு. ஏழாம் வகுப்புல அவ கணக்குப் பரீட்சையை எழுதினது யாருன்னு பெரிய மதர்கிட்ட நானே வந்து சொல்லுவேன்னு சொல்லு."

"நீ?"

"எனக்கு இங்க வேலை இருக்கு. அவன் பட்டியல் பார்க்கறதுக்கு எத்தனை நாள் ஆகுதோ அத்தனை நாள் உனக்கு. போடி, உன் மூஞ்சியைப் பார்த்தா எனக்குக் கத்த வராது."

ஜெனோவா அம்மாவின் நீட்டிய காலைத் தாண்டிக்கொண்டு வெளியே போனாள். தாண்டின இடத்தில் திரும்பி நின்று, குழந்தைகளைத் தாண்டிவிட்டால் செய்வதுபோல, மறுபடி ஒரு தடவை உள்பக்கமாகத் தாண்டி வந்து, அப்புறம் போனாள்.

தெருவில் எல்லோரும் பார்த்தார்கள். முப்பத்தெட்டு நாளாக அந்த வீட்டுக்குள் என்ன இருந்தது என்று அப்போது அறுபத்து மூன்று வீட்டுக்கும் தெரிந்தது. இடது கையின் மூன்று விரலையும் பார்த்தார்கள்.

வியாழன் காலை ஆறு பத்துக்குத் தெருவில் ஒரு கதவும் திறக்கவில்லை. துண்டைப் போட்டுக்கொண்டு நின்றவர்கள் அப்படியே நின்றார்கள். அடுப்பில் ஏற்றின பிரியாணியை எப்போது இறக்குவது என்று தெரியாமல் ஐந்தாம் எண்ணில் அடிப்பிடிக்க விட்டார்கள். பட்டியலில் மூன்றாம் தெருவே இல்லை, புள்ளியும் இல்லை. முதலில் கோபப்பட்டு நாலைந்து பேர் பதினேழாம் எண் வாசலுக்கு வந்தார்கள். பெர்னதெத் உப்புத் தண்ணீர் வாளிக்குள் காலை விட்டபடி ஏறிட்டுப் பார்த்ததும், வந்த வேலையை மறந்து, வெயில் எப்படி அடிக்கிறது என்று பேசிவிட்டுப் போனார்கள். சாயங்காலம் யாரோ அவள் தலைக்கு மேல் ஒரு தார்ப்பாயைக் கட்டினார்கள். வெள்ளிக்கிழமை ஏதோ ஒரு வீட்டிலிருந்து மூன்று மாதத்துக்கு அப்புறம் கருவாட்டு வாசம் வந்தது.

சனிக்கிழமை காலை ஆறு நாற்பதுக்குக் கதவு வந்து போயிற்று. கணுக்கால் கருநீலமாகிப் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. எட்டு மணிக்கு ஒரு பூப்பொட்டலமும் ஒரு பை ஆப்பிளுமாக எட்வின் வந்தான்.

"மூணு நாளா உங்க தெருவே காணோம் அத்தை. மனசு கேக்கலை" என்றான். செருப்பை வெளியே விட்டுவிட்டு, அவள் காலை ஜாக்கிரதையாகத் தாண்டி உள்ளே போனான். உள்ளறை, சமையற்கட்டு, குளியலறை, பீரோ எல்லாம் திறந்து சாத்துகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் ஒரு வாடின முருங்கைக்கீரைக் காம்பு இருந்தது.

"இங்கதான் இருந்திருக்கா."

பெர்னதெத் வாளிக்குள் இன்னொரு பிடி உப்பைப் போட்டாள்.

"எத்தனை நாள் இருந்தா, எப்பப் போனா, எதுவும் நீங்க சொல்ல வேணாம் அத்தை. உங்களைக் கஷ்டப்படுத்த மாட்டேன். இந்தக் கதவு சாத்தினா எல்லாம் வந்துரும்ல. என்னைக்குப் போனான்னு தெரிஞ்சா போதும், எந்த பஸ்னு நான் கண்டுபிடிச்சுக்குவேன்." கதவைத் தடவிப் பார்த்தான். தோளைக் கொடுத்துத் தள்ளினான். சுவரோடு ஒட்டின கதவு அசையவில்லை, அதற்கென்று ஒரு நேரம் இருக்கிறது. "ஏன் சாத்தலை? எது தடுக்குது?"

மதிலுக்கு அந்தப் பக்கம் தில்லைநாயகி காபி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். அந்தக் கதவைச் சரி பண்ணச் சொல்லித் தினம் போன் போட்டவள் அவள்தான், ஒவ்வொரு தடவையும் அலறலைக் கேட்டுக் காதைப் பொத்திக்கொண்டவளும் அவள்தான். பெர்னதெத் அவளைப் பார்க்காமல் வாளித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கீல் துருப்பிடிச்சிருக்கு தம்பி. ஒண்ணரை மாசமாவே அப்படித்தான். அக்காவுக்கு அதுல தடுக்கி விழுந்துதான் கால் போச்சு" என்றாள் தில்லைநாயகி.

எட்வின் கீலைப் பார்த்தான். தெருவைப் பார்த்தான். அந்தந்த வாசலில் அந்தந்த வீட்டுக்காரர்கள், ஆமாம் துருதான் என்பதுபோல நின்றுகொண்டிருந்தார்கள். பத்தாம் எண்காரர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து தார்ப்பாய் நிழலில் போட்டுவிட்டுப் போனார். அவன் அதில் உட்கார்ந்து, காலணி போடாத காலைக் கால்மேல் போட்டுக்கொண்டு, போனை மடியில் வைத்துக்கொண்டான். முகத்தில் கோபமே இல்லை.

"துருன்னா என்ன, என்னைக்காவது சாத்தித்தானே ஆகணும். நான் இருக்கேன் அத்தை. எனக்கு ஒண்ணும் அவசரமில்லை."

அடுத்தது செவ்வாய்க்கிழமை விடியற்காலை மூன்றுக்கு நாலு நிமிஷம் முன்னால். அதற்கடுத்தது ஐந்தரை நாள் கழித்து. பிறகு பதினொன்று, பிறகு இருபத்திரண்டு, பிறகு நாற்பத்தைந்து, பிறகு மூன்று மாதம், பிறகு அரை வருஷம். ஒவ்வொரு தடவையும் இவன் தூங்கும்போதோ, காபி குடிக்கும்போதோ, இவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதேயோ, கால் அங்கே இருக்கவேண்டும், சத்தம் வெளியே வரவேண்டும். பெர்னதெத் வீங்கின காலை இரண்டு கையாலும் தூக்கி வாளியிலிருந்து எடுத்துத் துணியால் ஒற்றினாள்.

"ஆபீஸ்ல எத்தனை நாள் லீவு சொல்லியிருக்கீங்க மாப்பிள்ளை?"

"பத்து நாள், அத்தை."

"போதாது" என்றாள் பெர்னதெத்.